தகட்டில் விழாத நீலம்

வாட்லி தீவு, தென் கரோலினா
1937 அக்டோபர் 10

அன்புள்ள டிண்டா அக்காவுக்கு,

உன் தம்பி பிரிஸ்டோ எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? பிலடெல்பியாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். மார்பை மூடிக்கொள்.

இந்தக் கையெழுத்தைப் பார், அக்கா. இது பாஸ்டருடையது இல்லை. என்னுடையது. கோழி கிளறியது போல இருக்கிறது என்பாய். சொல்லிக்கொள். எழுபத்தைந்து வயதுக் கோழி இவ்வளவு நேராகக் கிளறுவது பெரிய விஷயம்தான்.

வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர அரசாங்கம் ஒரு டீச்சரை அனுப்பியிருக்கிறது. மிஸஸ் சிம்மன்ஸ் என்று பெயர். சாயங்காலம் ஜெபக் கூடத்தில் வகுப்பு. என்ன எழுத ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவன் தன் பெயர் என்றான். ஒருத்தி வேதாகமச் சங்கீதம் என்றாள். நான் சொன்னேன், "எங்க அக்காவுக்கு நானே கடுதாசி எழுதணும் டீச்சர். பாஸ்டர் எழுதினா என் வாயிலேருந்து வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் கோட்டு மாட்டி விட்டுடறார்." கூடமே சிரித்தது. பாஸ்டரும் அங்கேதான் இருந்தார்.

நீ எழுதுவதையும் இனி நானே படிப்பேன். இத்தனை வருஷம் உன் கடிதங்களை அவர் கோயில் படியில் நின்று உரக்கப் படிப்பார், கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் கடைசியில் ஆமென் என்பார்கள். உன் பல்வலிக்குக்கூட ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி. பழைய எஜமானர்களின் பெரிய வீட்டைப் படம் எடுக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்திருக்கிறார். மிஸ் கோரா ஹேவர்ஸ்ட். நம் வயதுக்குச் சற்று இளையவர், ஆண்பிள்ளை போலக் காற்சட்டை போட்டிருக்கிறார். தெற்குப் பக்கத்துப் பழைய வீடுகள் விழுவதற்கு முன் எல்லாவற்றையும் கண்ணாடித் தகட்டில் பிடித்துவைப்பதுதான் அவர் வேலையாம். சாமான் தூக்க ஆள் தேடினார். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

உன் தம்பி,
பிரிஸ்டோ மங்கின்


பிலடெல்பியா
1937 அக்டோபர் 24

என் தம்பி பிரிஸ்டோவுக்கு,

நான் நலம். இருமல் எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் தூங்குகிறது, அவ்வளவுதான்.

என் மகள் எர்னஸ்டீன் உன் உறையைக் கொண்டுவந்து, "யாரோ சின்னப் பிள்ளை எழுதியிருக்கும்மா" என்றாள். "வாயை மூடுடி, அது என் தம்பி கையெழுத்து" என்றேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீ அடித்துவிட்ட வார்த்தைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். முழங்கால் என்பதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாயடா!

அந்த வீட்டைப் படம் வேறு எடுக்கிறார்களா? அது எப்போது விழும் என்று நான் காத்திருக்கிறேன், அதைப் பிடித்துவைக்க ஒருத்தி வந்துவிட்டாள். உன்னை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? "அங்கிள்" என்றுதானே? நம் கிழவர்களை "மிஸ்டர்" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராதே.

அந்தக் கூடத்து வளைந்த படிக்கட்டைப் பற்றி அப்பா பெருமை பேசியதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அடிமையாக நின்று பூசிய சுவருக்கு ஒரு பெருமை! அவர் சொன்னதில் பாதியை நான் எப்போதோ கீழே போட்டுவிட்டேன். நீயும் ரொம்பத் தூக்கிக்கொண்டு திரியாதே.

காலுக்குச் சூடான எண்ணெய் தேய்.

டோரின்டா


வாட்லி தீவு
1937 நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். வலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபோய்விட்டது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். முதல் நாள் "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டார். தகடு வைக்கும் பெட்டிகளில் யார் தூக்குவது எது என்று சீட்டு ஒட்டச் சொன்னார். நான் என் கையால் "மிஸ்டர் பிரிஸ்டோ மங்கின்" என்று எழுதி ஒட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து மிஸ்டர் மங்கின்தான். பக்கத்தில் வேறு வெள்ளைக்காரர்கள் இருந்தால் மட்டும் "இங்க பாருங்க" என்கிறார். அதுவும் பெயர்தான், போகட்டும்.

அக்கா, நான் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். பெட்டியைத் தூக்கியபடி நடக்கும்போது என் கால் தானாகவே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது.

"எங்க போறீங்க மிஸ்டர் மங்கின்? கதவு இங்க இருக்கு."

"அம்மா, அது எனக்குத் தெரியும். என் காலுக்குத்தான் தெரியாது."

உள்ளே போனதும் பெட்டியை இறக்கி வைக்க மறந்து நின்றேன். அப்பா சொன்ன படிக்கட்டு இருக்கிறது. "அது எதையும் பிடிச்சுக்காம நிக்கும்டா" என்பாரே, நாம் சிரிப்போமே, அது நிஜம். எந்தச் சுவரிலும் சாயவில்லை. காற்றில்லாத நாளில் அடுப்புப் புகை எழுவது போல வளைந்து வளைந்து மேலே போய் மாடிக்குள் மறைகிறது. படிகளை யாரோ தச்சர் செய்தார். அடிப்பக்கம் முழுக்க அப்பாவின் சுண்ணாம்புப் பூச்சு. இத்தனை காலம் ஆகியும் சிப்பியின் உள்பக்கம் போல வழவழப்பு. கூரை ஓட்டை வழியாக மழை வந்திருக்கிறது, தரையில் ஆந்தை எச்சம் கிடக்கிறது. அந்தப் படிக்கட்டுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதது போல நிற்கிறது. நான் தொப்பியைக் கழற்றினேன். வீட்டுக்காக இல்லை.

பிறகு மிஸ் கோரா வெளியே படம் பிடிக்கும் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். பின்பக்கக் கண்ணாடியில் பெரிய வீடு அப்படியே விழுந்திருந்தது, தலைகீழாக! தூண்கள் மேலே, கூரை கீழே, ஓக் மரத்தில் தொங்கும் பாசி எல்லாம் வானத்தை நோக்கி வளர்ந்திருந்தது. நான் துணிக்குள்ளேயே சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த வீட்டை இப்படிப் பாக்கணும்னு எங்க சனங்க எத்தனை ஜெபம் பண்ணியிருப்பாங்க."

அவரும் சிரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

ஒரு அதிசயம் கேள். கூடத்துக்குள் வெளிச்சம் போதாது, அதனால் பெட்டியின் கண்ணை வெகுநேரம் திறந்து வைக்கிறார். அந்த நேரத்தில் நான் குறுக்கே போய் ஒரு வாளியை எடுத்து வந்துவிட்டேன். படம் கெட்டுப்போச்சு என்று பயந்தேன். "நடந்துக்கிட்டே இருந்தா நீங்க விழமாட்டீங்க, நிக்கிறது மட்டும்தான் விழும்" என்றார். பிற்பாடு தகட்டைக் கழுவிக் காட்டினார். நான் இல்லை. நான் நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் நான் அங்கே இல்லவே இல்லை!

பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது.

உன் பிரிஸ்டோ


பிலடெல்பியா
1937 நவம்பர் 21

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

படத்தில் விழாததை அதிசயம் என்கிறாய். அந்த வீட்டில் நாம் எல்லாருமே அப்படித்தானே இருந்தோம்? நாள் முழுக்க நடப்போம். யார் கண்ணிலும் விழமாட்டோம்.

எனக்குப் பூசணியைப் பற்றி எழுது. நண்டு கிடைக்கிறதா என்று எழுது. வகுப்பில் யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று எழுது. அந்தப் படிக்கட்டைப் பற்றி வேண்டாம்.

டோரின்டா


வாட்லி தீவு
1937 டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. நீ நல்ல உடம்போடு அதைக் காண வேண்டும். எனக்கு வலி இருக்கிறதா என்று பார்க்கக்கூட நேரம் இல்லை.

படிக்கட்டு வேண்டாம் என்றாய். மன்னித்துவிடு. இதை எழுதாவிட்டால் என் கை அழுகிப்போகும்.

மிஸ் கோரா படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்க நினைத்தார். பெட்டியையே தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். ஒரு சீமாட்டி ஆந்தை எச்சத்தில்! அந்த மூலை இருட்டு. அதனால் என்னைப் பின்வாசலில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்கச் சொன்னார். வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே எறிய வேண்டும்.

"ஒரே எடத்துல வச்சிக்காதீங்க. வெள்ளையடிக்கிற மாதிரி மெதுவா மேலயும் கீழயும் தடவுங்க."

நான் தடவினேன். வெளிச்சம் கடைசி வளைவுக்குக் கீழே போனது. அங்கே மேல் வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்துபோய், ஒரு படுக்கை அகலத்துக்கு அடியிலிருப்பது தெரிந்தது.

அக்கா, நீலம்.

நம் வீட்டுக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற நீலம். சிப்பிச் சுண்ணாம்பில் பாலும் அவுரிச் சாயத் தொட்டியின் அடிமண்டியும் கலந்து அப்பா கிளறுவாரே, அதே நீலம். கண்ணாடியை நான் கீழே போடாதது கர்த்தர் செயல்.

ஒவ்வொரு வசந்தத்திலும் நம் கதவுக்கு அடிக்கும்போது அவர் என்னிடம் சொல்வார்: "பெரிய வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலயும் இதான்டா இருக்கு. கடைசிப் பூச்சுல சேத்துட்டேன். அந்த மூலையில படுக்கறது நம்ம பிள்ளைங்க. கெட்ட ஆவி வந்து பாத்து, தண்ணின்னு நெனச்சி தாண்டாம திரும்பிடும்." கிழவர் அளக்கிறார் என்று நினைத்தேன். அளக்கவில்லை. செய்திருக்கிறார். அந்த வீட்டு எஜமானிக்குப் பிடிக்காமல் மேலே வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. வேலை முடிந்த நாளுக்குப் பிறகு அவரை அந்தக் கூடத்துக்குள் விட்டதே இல்லையே. சாகும்வரை அது நீலமாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எங்கே நின்று அழுவது என்று தெரியவில்லை. வெளிச்சத்தை விடக்கூடாது, படம் கெட்டுவிடும். அதனால் தடவிக்கொண்டே அழுதேன்.

உன் தம்பி,
பிரிஸ்டோ


பிலடெல்பியா
1938 ஜனவரி 30

பிரிஸ்டோவுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பயந்து இரண்டு கடிதம் போட்டதும் கிடைத்தது. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்று சொல். நான் எழுதுவதை இப்போது யார் படிக்கிறார்கள்? நீ மட்டுமா? பாஸ்டர் எட்டிப் பார்ப்பது உண்டா? உண்மையைச் சொல்.

அப்பா உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார், அதே வார்த்தைகளில். நான் அண்ணாந்து பார்த்தேன், பிரிஸ்டோ. வெள்ளையாக இருந்தது. ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டவள் இல்லை நான்.

அந்தப் படம் எனக்கு வேண்டும். அனுப்பு.

டோரின்டா


வாட்லி தீவு
1938 பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி கூடுதலாகக் குடித்தேன்.

உன் கடிதத்தை நான் மட்டும்தான் படிக்கிறேன். படகுக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். ஒரு கோழி எட்டிப் பார்க்கும், அதற்கு எழுத்துத் தெரியாது. போன வாரம் பாஸ்டர் வழியில் மறித்தார்.

"டோரின்டா என்ன எழுதியிருக்கா?"

"உங்களைத்தான் ரொம்ப விசாரிச்சா பாஸ்டர்."

"என்னன்னு?"

"எட்டிப் பாக்கறீங்களான்னு."

படம் சார்ல்ஸ்டனில் மிஸ் கோராவிடம் இருக்கிறது. நான் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன், நேரே உனக்கே தபாலில் அனுப்புவார். வந்ததும் நீயே பார். அப்பாவை நீயே பார்.

உன் பிரிஸ்டோ


பிலடெல்பியா
1938 பிப்ரவரி 20

தம்பி பிரிஸ்டோவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதி முடிக்கும்வரை எனக்கும் இருமல் வராமல் இருக்க வேண்டும்.

படம் வந்தது. நல்ல படம். ஒவ்வொரு விரிசலும் தெரிகிறது. படத்தில் நிறம் இருக்காது என்பது எனக்குத் தெரியும், நான் முட்டாள் இல்லை. ஆனால் வெள்ளைக்குப் பக்கத்தில் நீலம் கொஞ்சமாவது மங்கித் தெரிய வேண்டாமா? எர்னஸ்டீன் பூதக்கண்ணாடி கொண்டுவந்தாள். அவள் புருஷன் ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தான். "எல்லாம் ஒரே வெள்ளைதான் அத்தை" என்றான். செதில் உதிர்ந்த இடமும் வெள்ளை. அதன் பக்கமும் வெள்ளை. நான் பார்த்த அதே வெள்ளை.

உன்மேல் கோபம் இல்லை. வயதான கண், கண்ணாடி வெளிச்சம், அப்பா நினைப்பு. எல்லாம் சேர்ந்து நீலமாகியிருக்கும்.

நீ தனியாகப் படிக்கிறாய் என்றதால் சொல்கிறேன். விடுதலை வந்த மறு வருஷம் நீ மூன்று நாலு வயதுப் பிள்ளை. தின்ன ஒன்றும் இல்லை. அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதே வீட்டுப் பின்வாசலில் விட்டார். "சாப்பாடு போடுவாங்க டிண்டா. ராத்திரி பயந்துக்காத. நீ படுக்கற எடத்துக்கு மேல நம்ம நீலம் இருக்கு, நானே பூசினது." படிக்கட்டுக்கு அடியில் ஒரு சாக்கின்மேல் படுத்தேன். ராத்திரி முழுக்கத் தலைக்கு மேலே யாரோ ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மனிதரா, இல்லை வேறு ஏதாவதா என்று தெரியாது. விடிந்ததும் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை. மறுநாளும் வெள்ளை.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். பசிக்காக விட்டதை அன்றே மன்னித்துவிட்டேன். அந்தப் பொய்யை மன்னிக்கவில்லை. அதனால்தான் ஊரைவிட்டுப் போனேன். அவர் சாவுக்கு வராததற்கு ரயில் கிடைக்கவில்லை என்று எழுதினேன். கோயில் படியில் நின்று பாஸ்டர் உரக்கப் படிக்கும் கடிதத்தில் வேறு என்ன எழுத முடியும்? அதற்கும் ஆமென் சொல்லியிருப்பார்கள்.

உன் கடிதம் வந்தபோது இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன், பிரிஸ்டோ. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டோரின்டா


வாட்லி தீவு
1938 மார்ச் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. வெளியே போய்ச் சதுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து மீதியைப் படித்தேன். நீ அங்கே படுத்திருந்தாய் என்பது எனக்கு இதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

மிஸ் கோரா விடைபெற வந்திருந்தார். என் அக்கா படத்தில் வெள்ளைதான் இருக்கிறது என்கிறாள் என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ மிஸ்டர் மங்கின், என் தகட்டுக்கு நீலம் தெரியாதே! நான் வச்சிருக்கறது பழைய வகைத் தகடு. நீலமும் அதுக்கு வெள்ளைதான். என் படத்துல எதுலயாவது வானம் வெள்ளையா இல்லாம பாத்திருக்கீங்களா? இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுக்குக் கொஞ்சம் தெரியும். பழகின கையின்னு நான்தான் மாத்தல."

"அப்ப திரும்ப ஒரு தடவை எடுங்கம்மா, புதுசுல."

"வீட்டுல இப்ப என்ன இருக்குன்னு நெனக்கிறீங்க?"

அன்றே போனேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், அக்கா. படிக்கட்டை வடக்கே ஒரு பணக்காரர் வாங்கிவிட்டாராம். படிகளையும் கைப்பிடியையும் கழற்றி வைக்கோலில் சுற்றி மரப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு அவருக்கு வேண்டாமாம். சம்மட்டியால் அடித்து உதிர்த்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு துண்டு வேணும், நீலமா இருக்கும்" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். "நீலமா? எல்லாம் வெள்ளத் தூசியாத்தான் இருந்தது பெரியவரே. நேத்தே லாரில ஏத்தி அனுப்பிட்டோம்."

எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

அதனால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. என் கண்ணை ஏமாந்த கண் என்கிறாய். இருக்கட்டும். ஆனால் நான் உன் தம்பி. அப்பா பொய் சொல்லவில்லை. இதை இன்னும் நன்றாக எழுத எனக்குத் தெரியவில்லை.

பிரிஸ்டோ


வாட்லி தீவு
1938 மார்ச் 21

அன்புள்ள, அன்புள்ள டிண்டா அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? இல்லாவிட்டாலும் இதைப் படித்ததும் ஆகிவிடுவாய்.

லாரிக்காரர்கள் அந்த இடிசலைத் தூரமாக எங்கும் கொண்டுபோகவில்லை. படகுத் துறைக்குப் போகும் நம் சதுப்புச் சாலை இருக்கிறதே, வண்டிச் சக்கரம் புதைந்து புதைந்து பள்ளமாய்க் கிடப்பது, அதில் கொட்டி நிரவியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, மனசு சரியில்லை. யாரும் கவனிக்கவுமில்லை, வெறும் வெள்ளைக் குப்பைதானே. போன வியாழன் தொடங்கி மழை. சனிக்கிழமை வரை விடவில்லை. பழைய வெள்ளை, தொட்டால் மாவாகும் சாதி. மழை அதைக் கரைத்துச் சதுப்பில் இறக்கிவிட்டது.

ஞாயிறு காலை வெயில் வந்தது. நான் கோயிலுக்குக் கிளம்பினேன். சாலை திரும்பும் இடத்தில் ஹேகர் கிழவி குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். யாரும் நகரவில்லை.

"ஏ பிரிஸ்டோ, கடல் உள்ள வந்துடுச்சா? இந்தத் தண்ணிய எப்படிடா தாண்டறது?"

"தண்ணியா? எங்க?"

நான் முன்னால் போய்ப் பார்த்தேன்.

துறைவரைக்கும் சாலை நீலமாகக் கிடந்தது, அக்கா. துண்டு துண்டாக, உள்ளங்கை அளவு, தட்டு அளவு, சில இடத்தில் படுக்கை அகலத்துக்கு. கவிழ்ந்து கிடந்தது போக நிமிர்ந்து கிடந்தது எல்லாம் நீலம். ஒரு மூலைக்கு மட்டும் பூசியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, படிக்கட்டின் அடி முழுக்கப் பூசியிருக்கிறார். ஈரத்தில் மினுமினுக்கிறது. மேலே வானம், கீழே அப்பா. நடுவில் எங்கே கோடு என்று தெரியவில்லை.

ஹேகரைக் கையைப் பிடித்து வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள்.

"அது சுண்ணாம்பு கெழவி, தண்ணி இல்ல. எங்கப்பா பூசினது."

"தெரியுதுடா. கண்ணுக்குத் தெரியுது. காலு வரமாட்டேங்குது."

"நீ என்ன பேயா, தாண்ட மாட்டேங்கற?"

"இத்தனை வருஷம் என் மாமியார் அதைத்தான்டா சொன்னா!"

எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பாஸ்டரும் பின்னால் வந்தார், அவர் ஒன்றுமே பேசவில்லை. அவர் பேசாமல் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மிஸ் கோரா ஊருக்குப் போய்விட்டார். இருந்தாலும் என்ன, அவர் பெட்டிக்கு இது வெள்ளைச் சாலைதான். நான் பார்த்தேன். ஹேகர் பார்த்தாள்.

இந்த உறைக்குள் பஞ்சு சுற்றி ஒரு துண்டு இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்துப் பார். பூதக்கண்ணாடி வேண்டாம்.

உன் தம்பி,
பிரிஸ்டோ


பிலடெல்பியா
1938 ஏப்ரல் 3

என் தம்பி பிரிஸ்டோவுக்கு,

கடவுள் உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும். எனக்கும் இன்னும் கொஞ்சம் தரட்டும், வேலை வந்திருக்கிறது.

துண்டு உடையாமல் வந்து சேர்ந்தது. நான் அதைப் பற்றி எர்னஸ்டீனிடம் ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்து, "இது என்ன நெறம்?" என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, "நீலம்மா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னாள். அவள் புருஷனையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன்.

அப்பா தன் பிள்ளையை எங்கே விடுகிறோம் என்று தெரிந்துதான் விட்டிருக்கிறார். மேலே ஒன்றை வைத்துவிட்டு விட்டிருக்கிறார். அது மூடிக்கிடந்ததால் காவல் இல்லாமல் போய்விடுமா என்ன? அத்தனை ராத்திரி அங்கே படுத்தும் எனக்கு ஒன்றும் நேரவில்லையே. இதை இந்த வயதில் யோசிக்கிறேன்.

அவரை எங்கே புதைத்தீர்கள்? நான் கேட்டதே இல்லை. நம் வழக்கப்படி கல்லறைக்கு மேலே என்ன வைத்தீர்கள், அவர் கடைசியாகக் குடித்த கோப்பையா, விளக்கா? ஈஸ்டர் முடிந்ததும் நான் வருகிறேன். எர்னஸ்டீன் குதிக்கிறாள், இந்த இருமலோடு ரயிலா என்று. குதிக்கட்டும். சாலையில் யாரையும் மண் போட விடாதே. ஹேகரிடம் சொல், நான் வந்து அவளைக் கையைப் பிடித்துத் தாண்டவைக்கிறேன்.

நேற்று மத்தியானம் கட்டிலில் மல்லாக்கப் படுத்தேன். அந்தத் துண்டை என் முகத்துக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். எர்னஸ்டீன் பிடித்தாள்.

"அம்மா, கை வலிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிடி" என்றேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

உன் அக்கா,
டிண்டா